கண்மாய்க்கரையில் ஒரு சதுர மீட்டர்

எங்கள் மேலூர் பக்கத்துப் பிள்ளைகள் 'பல்லுயிர்' என்ற சொல்லை முதன்முதலில் கேட்டது போராட்டப் பந்தலில்தான். 2024 நவம்பரில் நாயக்கர்பட்டி டங்ஸ்டன் சுரங்க ஏலச் செய்தி வந்ததும் வட்டாரமே கொதித்தது. கிராமசபைத் தீர்மானம், கடையடைப்பு, மதுரைக்கு நடைப்பயணம் என்று போய், 2025 ஜனவரியில் ஏலம் ரத்தானது. அந்த நாட்களில் மைக்கில் திரும்பத் திரும்ப ஒலித்தது, அந்தச் சுரங்க எல்லைக்குள் வந்த அரிட்டாபட்டியின் பெருமை. 2022 நவம்பரில் அறிவிக்கப்பட்ட தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம், மீனாட்சிபுரத்தையும் சேர்த்து 193.215 ஹெக்டேர், ஏறத்தாழ 250 வகைப் பறவைகள், லகர் வல்லூறு, ஷாஹீன் வல்லூறு, போனெல்லிக் கழுகு, எறும்புத்தின்னி, தேவாங்கு, மலைப்பாம்பு. பந்தலில் உட்கார்ந்திருந்த அம்மாக்களின் மடியில் தூங்கிய குழந்தைக்குக்கூட மனப்பாடம் ஆகியிருக்கும்.

நான் அங்கிருந்து சைக்கிள் தூரத்தில் இருக்கும் ஒரு நடுநிலைப் பள்ளியில் ஆறு முதல் எட்டு வரை அறிவியல் எடுக்கிறேன். ஏலம் ரத்தான கொஞ்ச நாளில் ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னான்: "அவங்க ஊர்ல 250 பறவையாம் டீச்சர். நம்ம ஊர்ல காக்காவும் மைனாவும்தான்."

அந்தப் பொறாமை எனக்குப் பிடித்திருந்தது. இயற்கையை நேசிக்க வேண்டும் என்று பன்னிரண்டு வயதுப் பிள்ளையிடம் சொன்னால் தலையாட்டும், அப்புறம் மறந்துவிடும். பக்கத்து ஊரை ஜெயிக்கலாம் வா என்று கூப்பிட்டால் வெயிலில்கூட வரும். "சரி, எண்ணிப் பார்த்துட்டு வந்து சொல்லு" என்றேன். அங்கே ஆரம்பித்ததுதான் எங்கள் பள்ளியின் கண்மாய் வேலை.

செலவு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. டீ வடிகட்டி, வெள்ளை ஐஸ்கிரீம் டப்பா, கம்பி உடைந்த பழைய குடை, தேங்காய்நார்க் கயிறு, நான்கு குச்சி, அறிவியல் பெட்டியில் கிடந்த லென்ஸ். கயிற்றில் நான்கு மீட்டர் அளந்து, மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டு, முடிச்சுகளில் குச்சி கட்டி நட்டால் ஒரு சதுர மீட்டர் கட்டம். அதற்குள் என்னென்ன செடி, ஒவ்வொன்றும் எத்தனை என்பதுதான் முதல் வேலை.

கட்டத்தை எங்கே போடுவது? பிள்ளைகளை விட்டால் நிழலாகப் பார்த்துப் போடுவார்கள், இல்லாவிட்டால் பூ பூத்திருக்கும் இடமாகப் பார்த்துப் போடுவார்கள். நமக்குப் பிடித்த இடத்தை மட்டும் எண்ணினால் வரும் கணக்கு நம்முடைய ஆசையின் கணக்கு, கரையின் கணக்கு அல்ல. அதனால் கரைக்கு முதுகு காட்டி நின்று செருப்பைத் தலைக்கு மேலாக எறிவது, விழுந்த இடத்தில் கட்டம் போடுவது என்று விதி வைத்தோம். சமவாய்ப்பு மாதிரி எடுத்தல் என்று கரும்பலகையில் எழுதினால் கொட்டாவி விடும் வகுப்பு, செருப்பு எறிவதற்கு வரிசையில் நின்றது. ஒரு செருப்பு தண்ணீரில் விழுந்தது. அதுவும் சமவாய்ப்புதான்.

முதலில் எல்லோரும் சொல்வது "வெறும் புல்லு டீச்சர்" என்பதே. குத்தவைத்து உட்கார்ந்து பத்து நிமிடம் போனால் புல் பிரிய ஆரம்பிக்கும். அருகு வேறு, கோரை வேறு. கோரையின் தண்டை விரலில் உருட்டினால் மூன்று விளிம்பு தட்டுப்படும். கீழாநெல்லி, மூக்கிரட்டை, குப்பைமேனி, தும்பை, நாயுருவி, நெருஞ்சி என்று ஆடு மேய்க்கும் வீட்டுப் பிள்ளைகளுக்குத் தெரிந்த பெயர்கள் கடகடவென வரும். வகுப்பில் எப்போதும் முன்வரிசையில் கை தூக்குகிற பிள்ளைகள் அன்றைக்கு வாயடைத்து நிற்பார்கள். வருஷம் முழுக்கக் கடைசி பெஞ்சில் இருக்கிறவன் திடீரென்று ஆசிரியன் ஆகிவிடுவான். இது ஒன்றுக்காகவே இந்த வேலையைச் செய்யலாம் என்பேன்.

பெயர் தெரியாத செடிக்கு அவர்களே பெயர் வைத்துக்கொள்ளலாம் என்று அனுமதித்திருக்கிறேன். 'பிசுபிசுப்பு', 'காக்காக்கால்' என்றெல்லாம் நோட்டில் இருக்கும். போனில் போட்டோ எடுத்தால் செயலி உடனே பெயர் சொல்லிவிடுகிறதே என்று பக்கத்துப் பள்ளி ஆசிரியர் கேட்டார். சொல்லட்டும், ஆனால் கடைசியில் சொல்லட்டும். பெயர் கிடைத்த மறுநொடி பிள்ளை செடியைப் பார்ப்பதை நிறுத்திவிடுகிறது. இலை எதிரெதிராக இருக்கிறதா, மாறிமாறி இருக்கிறதா, கிள்ளினால் பால் வருகிறதா, வாசனை உண்டா என்று நோட்டில் எழுதிய பிறகே போன் என் பையில் இருந்து வெளியே வரும்.

எண்ணும்போதுதான் சண்டை வரும். நான் காத்திருப்பதும் அதற்குத்தான். ஒரு முறை ஒரே கட்டத்தை எண்ணிய இரண்டு குழுவில் ஒன்று ஏழு வகை என்றது, மற்றது எட்டு. பார்த்தால் விஷயம் ஒரு துத்தி. பெரிய செடி ஒன்று, இரண்டிலை விட்ட கன்று ஒன்று. கன்றின் இலை வேறு மாதிரி இருப்பதால் அதைத் தனி வகை என்று ஒரு குழு எழுதியிருந்தது. இரண்டும் ஒன்றுதான் என்பது எனக்குத் தெரியும். ஆனால் ஆசிரியை சொன்னாள் என்பதற்காக ஒத்துக்கொண்டால் அதில் என்ன அறிவியல் இருக்கிறது? கன்றின் பக்கத்தில் குச்சி நட்டுச் சிவப்பு நூல் கட்டினோம். சில வாரம் கழித்து அதில் துத்திக்கே உரிய வெல்வெட் மாதிரியான இதயவடிவ இலை வந்ததும், எட்டு என்று எழுதியவர்களே அதை ஏழு என்று திருத்தினார்கள்.

பல கட்டங்களின் கணக்கு சேர்ந்ததும் கணக்கு சார் உள்ளே வந்தார். ஒரு கட்டத்துக்குச் சராசரியாக எத்தனை மூக்கிரட்டை, கரையின் நீள அகலம் என்ன, ஆக மொத்தம் எத்தனை இருக்கலாம் என்று பெருக்கினார்கள். இன்னொன்றும் செய்தோம். முதல் கட்டத்தில் எத்தனை வகை, இரண்டாவதில் புதிதாக எத்தனை, மூன்றாவதில் எத்தனை என்று வரைபடத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டே போனோம். கோடு முதலில் விறுவிறுவென ஏறும், போகப்போகச் சாய்ந்து தட்டையாகும். "அப்ப இதோட நிறுத்திக்கலாமா டீச்சர்?" என்றாள் ஒருத்தி. எவ்வளவு தேடினால் போதும் என்ற கேள்விக்குக் கள ஆய்வாளர்கள் பார்க்கும் கோடும் இதுதான்.

தண்ணீருக்குள் போவதற்கு எங்கள் பிள்ளைகளுக்கு அழைப்பு தேவையில்லை, தடைதான் தேவை. முழங்காலுக்கு மேல் தண்ணீர் இருக்கும் இடத்துக்கு யாரும் போகக் கூடாது, இரண்டு பெரியவர்கள் கரையில் நிற்க வேண்டும், இந்த இரண்டிலும் சமரசம் இல்லை. கோரையின் அடியில் டீ வடிகட்டியை விட்டு அலசி, வெள்ளை டப்பாவில் கொட்டினால் போதும். முதலில் சேறு மட்டும் தெரியும். சேறு படிந்ததும் டப்பா முழுக்க நடமாட்டம்.

வாலில் மூன்று இலை மாதிரி செதில் இருந்தால் அது ஊசித்தட்டானின் இளம்பருவம். அந்தச் செதில்களால் மூச்சு விடுகிறது. குண்டாக, வாலில் செதில் இல்லாமல் இருந்தால் தட்டானின் இளம்பருவம். அதற்கு மூச்சுறுப்பு ஆசனவாய்க்குள் இருக்கிறது. அந்த வழியாகத் தண்ணீரைப் பீய்ச்சி முன்னால் பாயும். இதைச் சொன்ன அன்று வகுப்பு அடங்க வெகுநேரம் ஆனது. கொசுப்புழுவைப் பக்கத்தில் விட்டால் கீழுதடு சட்டென்று கை மாதிரி நீண்டு வந்து கவ்வும். டெங்கு விழிப்புணர்வுப் பேரணியில் கோஷம் போட்ட பிள்ளைகள், கொசுவைத் தின்கிற ஒன்றை அன்றுதான் நேரில் பார்த்தார்கள்.

தட்டானைப் பற்றி இன்னொரு சேதியும் சொல்வேன். மழைக்காலத்தில் கூட்டமாகப் பறக்கும் மஞ்சள் தட்டான்கள் உண்டே, அவற்றில் ஒரு வகை இந்தியாவில் இருந்து மாலத்தீவு வழியாகக் கடல் தாண்டி கிழக்கு ஆப்பிரிக்கா போகிறது என்று சார்லஸ் ஆண்டர்சன் என்ற கடல் உயிரியலாளர் 2009-இல் எழுதினார். மாலத்தீவில் நன்னீர் நிலைகள் அநேகமாக இல்லை. அப்படியிருக்க ஆண்டுதோறும் அக்டோபர் வாக்கில் இத்தனை தட்டான் எங்கிருந்து வருகிறது என்று அவர் கேட்டுக்கொண்டதில் தொடங்கிய ஆராய்ச்சி அது. நூல் கட்டி இழுத்து விளையாடுகிற ஜீவன் ஆப்பிரிக்கா போகும் என்றதும் ஒருவன் கையில் இருந்ததை விட்டுவிட்டான். நான் விடச் சொல்லவில்லை.

டப்பாவில் எப்போதாவது தட்டையான பழுப்புப் பூச்சி ஒன்று வரும். முதுகில் முத்து முத்தாக முட்டை அடுக்கியிருக்கும். அம்மா என்று எல்லோரும் சொல்வார்கள். அது அப்பா. பெண் பூச்சி ஆணின் முதுகில் முட்டையை ஒட்டிவிட்டுப் போய்விடும், பொரிக்கும் வரை சுமப்பது ஆண்தான். கையால் எடுக்க வேண்டாம், கடித்தால் நன்றாக வலிக்கும். பார்த்து முடித்ததும் டப்பாவில் இருப்பது எல்லாம் எடுத்த இடத்திலேயே திரும்பிப் போக வேண்டும் என்பதும் விதி.

உடைந்த குடையைப் புதருக்கு அடியில் தலைகீழாக விரித்துக் கிளையை உலுக்கினால் சிலந்தி, வண்டு, கம்பளிப்பூச்சி, எறும்பு எல்லாம் வந்து விழும். நாட்டுக்கருவேலத்தில் ஒரு முறை, சீமைக்கருவேலத்தில் ஒரு முறை என்று உலுக்கி ஒப்பிடச் சொன்னேன். சீமைக்கருவேலம் அமெரிக்கக் கண்டத்தில் இருந்து 19-ஆம் நூற்றாண்டில் வந்தது, கண்மாய்க்குள் புகுந்து இடத்தை அடைத்துக்கொள்கிறது, எல்லாம் உண்மை. ஆனால் வகுப்பில் சில வீடுகளுக்கு அந்த விறகும் கரிமூட்டமும்தான் கோடைக் கூலி. "கெட்ட மரம்" என்று போர்டில் எழுத எனக்குக் கை வரவில்லை. உலுக்கி விழுந்ததை எண்ணினோம், விறகு விலையையும் பக்கத்தில் எழுதினோம்.

நத்தைகளை எண்ணுவது எப்படி என்று எட்டாம் வகுப்பு கேட்டது. இதற்கு ஒரு பழைய தந்திரம் உண்டு. 1896-இல் பீட்டர்சன் என்ற டென்மார்க்காரர் மீன்களுக்கும், 1930-இல் லிங்கன் என்ற அமெரிக்கர் வாத்துகளுக்கும் செய்தது. முதலில் முறத்தில் புளியங்கொட்டையைக் கொட்டிப் பழகினோம். ஒரு கைப்பிடி அள்ளி 40 கொட்டைக்குச் சுண்ணாம்புப் பொட்டு வைத்துத் திரும்பக் கலக்கிவிட வேண்டும். மறுபடி கண்ணை மூடி 50 கொட்டை எடுத்தால் அதில் 10 பொட்டு வைத்தவை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்தில் ஒன்று பொட்டு என்றால், 40 என்பது மொத்தத்தில் ஐந்தில் ஒன்று, ஆக மொத்தம் 200. பிறகு முறத்தையே எண்ணிச் சரிபார்க்கலாம். வயல் வரப்பில் நத்தைக்குச் சுண்ணாம்புக்குப் பதில் நகப்பாலிஷ், ஓட்டின் மேல் ஒரே ஒரு புள்ளி. நத்தைகுத்தி நாரை நடுவில் வந்து பாதியைத் தின்றுவிட்டால் கணக்கு என்ன ஆகும் என்று ஒரு பெண் கேட்டாள். நடுவில் எண்ணிக்கை மாறாது என்று வைத்துக்கொள்வதைப் பாடப்புத்தகத்தில் அனுமானங்கள் என்று எழுதியிருப்பார்கள். அவள் அதை நாரை என்றாள்.

இதெல்லாம் நான் யோசித்து வைத்த வேலைகள். யோசிக்காமல் கிடைத்ததுதான் பெரியது: மீன்பிடித் திருவிழா. கோடையில் தண்ணீர் வற்றியதும் எங்கள் பக்கம் ஒவ்வொரு கண்மாயாக நடக்கும். ஊர்ப் பெரியவர் வெள்ளைத் துண்டை வீசியதும் ஊத்தாக் கூடையும் வலையுமாகச் சனம் மொத்தமும் உள்ளே இறங்கும். அன்று பள்ளிக்கு யாரும் வரமாட்டார்கள், வருகைப் பதிவேட்டை வைத்துக்கொண்டு புலம்புவதில் அர்த்தமில்லை. நோட்டைக் கொடுத்தேன். கரையேறும் ஒவ்வொரு கூடையிலும் என்ன மீன் என்று எழுதி வரச் சொன்னேன்.

விரால், குரவை, கெளுத்தி, கெண்டை, கட்லா, ரோகு, ஜிலேபி என்று பட்டியல் வந்தது. அதை வைத்துக்கொண்டு பல நாள் பேசினோம். விராலும் குரவையும் காற்றை நேரடியாக விழுங்கி மூச்சு விடும், அதனால்தான் சேற்றில்கூடக் கிடந்து பிழைக்கிறது. கட்லாவும் ரோகுவும் குஞ்சாக வாங்கி விட்டவை. ஜிலேபி ஆப்பிரிக்கா மீன், இந்தியாவுக்கு வந்தது 1952-இல். தாய் முட்டையை வாயில் அடக்கி வைத்திருக்கும். அந்தக் கெட்டிக்காரத்தனத்தால்தான் இன்று எந்தக் கண்மாயிலும் அது இருக்கிறது.

அடுத்து மூன்று பத்தி போட்ட ஒரு தாள் கொடுத்தேன். தாத்தா, அப்பத்தா சின்ன வயதில் பிடித்த மீன் ஒரு பத்தி, அப்பா, அம்மா பிடித்தது ஒன்று, இந்த வருஷம் பிடித்தது ஒன்று. முதல் பத்தியில் அயிரை, ஆரல், உளுவை எல்லாம் இருந்தது. மதுரைக்காரர்களுக்கு அயிரை என்றால் சொல்ல வேண்டுமா? இன்று கடையில் அதன் விலையைக் கேட்டால் தெரியும். மூன்றாவது பத்தியில் அது இல்லை. ஏன் என்று விசாரித்து வரச் சொன்னேன். "வயலுக்கு மருந்து அடிக்க ஆரம்பிச்சோம்ல, அன்னைக்கே போச்சுத்தா" என்றார் ஒரு அப்பத்தா. கண்மாயைக் குத்தகைக்கு விட்டதும் குத்தகைக்காரர் சின்ன மீன் எதையும் பொருட்படுத்தவில்லை, அதனால் கெட்டது என்றார் ஒரு தாத்தா. வரத்துக்கால்வாய் அடைபட்டது என்றார் இன்னொருவர். எது சரி என்று பிள்ளைகள் என்னைக் கேட்டார்கள். மூன்றையும் சொன்னவர் வயதோடு நோட்டில் எழுதச் சொன்னேன். ஞாபகம் ஒரு சான்றுதான், ஆனால் வலைபோட்டு எண்ணிய சான்று மாதிரி கிடையாது, இரண்டையும் ஒரே மையில் எழுதாதே என்று மட்டும் சொன்னேன். ஞாபகத்துக்குப் பச்சை, எண்ணியதற்கு நீலம்.

எலுமிச்சைச் செடிக் கம்பளிப்பூச்சியை வளர்ப்பது எல்லாப் பள்ளியிலும் செய்யக்கூடியது, அதனால் சுருக்கமாகச் சொல்கிறேன். சிறுவயதில் பறவை எச்சம் மாதிரி இருக்கும், கடைசித் தோல் உரித்ததும் பச்சையாகிவிடும், சீண்டினால் தலைக்குப் பின்னால் ஆரஞ்சுக் கொம்பு நீட்டி நாற்றம் விடும். ஒரு கூட்டில் இருந்து பட்டாம்பூச்சிக்குப் பதில் குட்டிக் குளவிகள் வந்தன. பாதி வகுப்புக்கு அழுகை. குளவிக்கும் குஞ்சு உண்டே என்றான் மீதிப் பாதியில் ஒருவன். நான் தீர்ப்புச் சொல்லவில்லை.

எதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை என்றால், விதைப்பந்து. ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒரு வண்டியில் வந்து இறங்குகிறார்கள். பிள்ளைகளை வரிசையில் நிற்க வைத்து, வீசச் சொல்லி, போட்டோ எடுத்துக்கொண்டு போகிறார்கள். எத்தனை முளைத்தது என்று கேட்க யாரும் திரும்பி வந்ததில்லை. கரையில் இருக்கும் தும்பையும் துத்தியும் காலில் மிதிபடுகின்றன. ஓவியப் போட்டியும் அதே ரகம்தான். கண்மாய்க்கரைப் பள்ளியின் பிள்ளை புலியும் பூமி உருண்டையும் வரைந்து பரிசு வாங்குகிறது. மாநிலப் பறவை மரகதப்புறா, மாநிலப் பட்டாம்பூச்சி தமிழ் மறவன் என்று வினாடி வினாவில் டக்கென்று சொல்கிறது. சொல்லட்டும், தப்பில்லை. ஆனால் அதற்குப் பல்லுயிர்க் கல்வி என்று பெயர் வைத்து அறிக்கை அனுப்பாதீர்கள்.

சிக்கல்களும் உண்டு. கண்மாய் நிறைவது ஐப்பசி, கார்த்திகையில். பறவை கூடுவது அப்புறம். அரையாண்டுத் தேர்வு வருவதும் அதே நேரத்தில். சனிக்கிழமைக் காலைகளை வைத்துத்தான் ஓட்டுகிறோம். பொங்கல் விடுமுறையில் நடக்கும் பறவைகள் கணக்கெடுப்பு இதற்குப் பெரிய உதவி. ஓரிடத்தில் குறைந்தது 15 நிமிடம் நின்று, பார்த்த பறவைகளையும் எண்ணிக்கையையும் ஈபேர்டு தளத்தில் பதிந்தால் போதும். முக்குளிப்பான், நாமக்கோழி, நீலத் தாழைக்கோழி, புள்ளிமூக்கு வாத்து என்று காக்காவும் மைனாவும் தாண்டிப் பட்டியல் நீண்டுவிட்டது. 250 இன்னும் ஆகவில்லை. அந்தப் பையன் விடுவதாகவும் இல்லை. பச்சைக்கிளியைப் பிடித்துக் கூண்டில் வைத்திருந்த இரண்டு வீடுகளில் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தைச் சொல்லி வாதாடியதும் பிள்ளைகள்தான்.

2002-ஆம் ஆண்டுப் பல்லுயிர்ச் சட்டப்படி ஒவ்வோர் ஊராட்சியிலும் அந்த ஊரின் செடிகொடி, உயிரினங்களை ஊராரே எழுதி வைக்கும் மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு இருக்க வேண்டும். 2020 ஜனவரி 31-க்குள் முடிக்க வேண்டும், இல்லாவிட்டால் மாதம் 10 லட்சம் கட்ட வேண்டும் என்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநிலங்களுக்குக் கெடு வைத்தது. நாடு முழுக்க மளமளவென்று பதிவேடுகள் தயாராகின. அவசரத்தில் எழுதும் பதிவேட்டில் எந்த ஊரும் எல்லா ஊர் மாதிரியும்தான் இருக்கும். பிள்ளைகளின் நோட்டுகளை ஒன்றாகத் தைத்து அடுத்த கிராமசபையில் வைக்கலாம் என்றிருக்கிறோம். எட்டாம் வகுப்பு வெளியே போகும்போது நோட்டை ஏழாம் வகுப்பிடம் கையெழுத்து வாங்கி ஒப்படைக்கும் பழக்கமும் வந்துவிட்டது. போன வருஷக் கணக்கில் சந்தேகம் என்றால், இப்போது ஒன்பதாம் வகுப்பில் இருக்கும் அக்காவையோ அண்ணனையோ சாயங்காலம் வீட்டில் போய்ப் பிடிக்கிறார்கள்.

அடுத்தது அந்துப்பூச்சி. நிலா வெளிச்சம் இல்லாத ராத்திரியாகப் பார்த்துப் பள்ளி வளாகத்தில் வெள்ளைத் துணி கட்டி, விளக்குப் போட்டு, வந்து உட்காருவதை எண்ண வேண்டும். பெற்றோர் கூட வந்தால் மட்டுமே அனுமதி என்று தலைமையாசிரியர் சொல்லிவிட்டார், அது நியாயம்தான். அமாவாசைக்கு இன்னும் ஒரு வாரம் இருக்கிறது. வேட்டி கொடுக்க நான்கு தாத்தாக்கள் தயார். விளக்குக்கு வயர் இழுக்க ஒரு அப்பா வருகிறேன் என்றிருக்கிறார், அவரிடம் இன்று ராத்திரி போன் பண்ணி உறுதி செய்ய வேண்டும்.